காருக்கு இடம்

வெள்ளிக்கிழமை பனி என்றது வானொலி.
சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து காற்று
ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது.
போன குளிர்காலம் முழுக்க
என் கார் வெளியே உறைந்து கிடந்தது.
தூக்கிப்போட மனம் வராத சாமான்கள்
கராஜுக்குள் கூரையோடு இருந்தன.

கையில் நாற்பது டாலர்.
ஆலையில் வேலைநேரத்தைக் குறைத்துவிட்டார்கள்.
நாற்பத்தொன்றாவது டாலர் மின்கட்டணத்துக்கு உரியது.
கடையில் துளைபோட்ட பலகை ஒன்று முப்பத்திரண்டு,
மாட்டும் கொக்கிகளுக்குத் தனி விலை.
மற்றவர் குழந்தையைத் தொடுவதுபோல்
தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

டயர் கடைக்குப் பின்னால் பேலட் கட்டைகள் சும்மா கிடைக்கும்,
கேட்கத்தான் வேண்டும்.
கேட்டேன்.
ஆறு தந்தான் அந்தப் பையன்,
ஏழாவதில் எண்ணெய் ஊறியிருக்கிறது என்று தானே சொன்னான்.
பிரித்தெடுக்க இரண்டு நாள்.
ஒவ்வொரு ஆணியும் கத்திக்கொண்டுதான் வெளியே வந்தது.
வளைந்ததை நிமிர்த்திக் காப்பி டப்பாவில் போட்டேன்.

பிறகு தரை.
தரை என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது.
அளவு நாடாக்கள் ஏழு.
ஏழு!
தேடிக் கிடைக்காத ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கியவை.
ஏழையாக இருக்க எவ்வளவு செலவாகிறது பாருங்கள்.
பத்து மில்லிமீட்டர் ஸ்பேனர் மூன்று.
கல்லாகிப்போன பசைக் குழாய்கள்.
ஒற்றைப் பனிக்காலணி,
அதற்குள் ஓர் எலிக் குடும்பம் காலிசெய்துவிட்டுப் போன பஞ்சு.

ஐந்து நாடாக்களை வாசலில் வைத்து
ஒன்று இரண்டு டாலர் என்று அட்டை எழுதினேன்.
நான்கு விற்றன.
நாற்பத்தெட்டு டாலர்!
அன்று மாலை மட்டும் நான் பணக்காரி.
இரும்புத் தாங்கிகள் பன்னிரண்டு, முப்பத்தாறு டாலர்.
மீதியில் ஒரு கறுப்பு மார்க்கர்.

போத்தல் மூடிகளைத் தட்டின் அடியில் திருகினேன்,
போத்தல்கள் தொங்கின,
எந்தத் திருகாணி எங்கே என்று இனி யாரையும் கேட்க வேண்டாம்.
பழைய ஒட்டுப்பலகையில்
ஒவ்வொரு கருவியையும் வைத்து அதன் உருவத்தைச் சுற்றி வரைந்தேன்.
எடுத்துவிட்டுத் திருப்பி வைக்காவிட்டால்
கோடு காட்டிக்கொடுக்கும்.

வியாழன் இரவு, கடைசி மூலை.
நீலத் தார்ப்பாயின் மடிப்புக்குள்
பக்கத்து வீட்டு ஓரெஸ்டின் டிரில்.
கைப்பிடியில் அவர் பெயர், அவர் கையாலேயே கீறியது.

நான்கு வருடம் முன்பு கேட்டார்.
அப்போதே கொடுத்துவிட்டேன் என்றேன்.
இல்லை இர்யா என்றார்.
நான் கிழமைகூடச் சொன்னேன்,
செவ்வாய்க்கிழமை என்று.
அதன்பின் அவர் தன் பக்கத்துப் பனியை வாரினார்,
நான் என் பக்கத்தை.
நடுவில் ஒரு முழ அகலம்
இருவரும் தொடாத பனி
ஏப்ரல் கடைசிவரை கிடக்கும்.

பலகையில் இன்னும் இடம் இருந்தது.
அதற்கும் ஓர் உருவம் வரைந்து மாட்டியிருக்கலாம்,
யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?
மார்க்கரைத் திறந்தேன்.
மூடினேன்.

அவர் கதவைத் திறந்தபோது இரவு பத்து இருக்கும்.
கம்பளிக் காலுறை, கையில் பாதி தின்ற ரொட்டி.
நான் ஒன்றும் சொல்லவில்லை, நீட்டினேன்.
வாங்கித் திருப்பினார்,
தூசியை ஊதினார்.
“சார்ஜரைப் போன வருடம்தான் குப்பையில் போட்டேன்.”
பிறகு,
“செவ்வாய்க்கிழமை” என்றார்.

உள்ளே போனார்.
கதவைச் சாத்தவில்லை.
ஏதோ பெட்டிகள் நகரும் சத்தம்.
இந்த ஊரில் நவம்பரில் யாரும் கதவைத் திறந்துவைப்பதில்லை,
வெளியே போகிற ஒவ்வொரு மூச்சு வெப்பமும் காசு.
நிற்கச் சொன்னாரா,
போகச் சொன்னாரா?

ஒரு நாள் முந்தியே வந்துவிட்டது,
வாசல் விளக்கைச் சுற்றிப் பொடிப்பொடியாக.
என் கராஜில் காருக்கு இடம் தயார்.
கார் இன்னும் வெளியேதான் நிற்கிறது.